பழைய கணினியில் ரேஸ் சிமுலேட்டர்: எதை எடுப்பது, எப்படி ஓட வைப்பது

பத்து, பதினைந்து வயதான கணினியில் கார் ரேஸ் சிமுலேட்டர் ஓட்ட நினைப்பவர்கள் வழக்கமாகச் செய்வது இதுதான். அண்மையில் வந்த, பேர் அடிபடும் கேமை இறக்குவார்கள். எல்லா செட்டிங்ஸையும் அடிமட்டத்துக்குத் தள்ளுவார்கள். நொடிக்கு 22 ஃப்ரேமில் (22 படத்தில்) திணறுவதைப் பார்த்துவிட்டு, "நம்ம பெட்டி இதுக்கெல்லாம் ஆகாது" என்று மூடிவிடுவார்கள். பெட்டி ஆகும். எடுத்த கேம்தான் தப்பு.

சிமுலேட்டருக்குள் இரண்டு வேலை நடக்கிறது. டயரின் பிடி, சஸ்பென்ஷன் அசைவு, பிரேக் போட்டால் எடை முன்பக்கம் சாய்வது என்று காரின் நடத்தையைக் கணக்கிடுவது ஒன்று. அதைப் படமாக வரைவது இன்னொன்று. முதல் வேலை 2004–2006 வாக்கிலேயே நன்றாகத் தேறிவிட்டது. அன்றைக்கு வீடுகளில் இருந்தது பெரும்பாலும் ஒற்றைக் கோர் ப்ராசஸர். அதற்காக எழுதப்பட்ட கணக்கு உங்கள் பழைய ஐ3-க்குத் தூசு. பிறகு வந்த ஆண்டுகளில் பலமடங்கு கனத்தது இரண்டாவது வேலைதான். ஆகவே புது கேமை மட்டமான படத்தில் ஓட்டுவதைவிட, பழைய சிமுலேட்டரை அதன் முழு அழகில் ஓட்டுவது எப்போதும் மேல்.

ஃப்ரேம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் கார் நொடிக்கு 55.6 மீட்டர் போகிறது. 60 ஃப்ரேமில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே 93 செ.மீ. 30 ஃப்ரேமில் 1.85 மீட்டர். 20-க்கு இறங்கினால் 2.8 மீட்டர். பிரேக் போட வேண்டிய பலகை கண்ணில் படுவதற்குள் கார் அதைத் தாண்டியிருக்கும். ஏறி இறங்கும் 60-ஐவிட ஆடாமல் நிற்கும் 40 ஓட்டுவதற்கு நல்லது. திரையில் தெரியும் உச்ச எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். மிகக் குறைந்த எண் எது, அது எந்த இடத்தில் வருகிறது என்று பாருங்கள்.

முதலில் பெட்டியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

விண்டோஸ் பொத்தானையும் ஆர் பொத்தானையும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் டி, எக்ஸ், டி, ஐ, ஏ, ஜி என்ற ஆறு எழுத்தை அடித்து என்டர் தட்டுங்கள். முதல் பக்கத்தில் ப்ராசஸர், ராம். டிஸ்ப்ளே பக்கத்தில் கிராஃபிக்ஸ் சிப்பின் பெயர். விண்டோஸ் 10 என்றால் அதே பக்கத்தில் ஃபீச்சர் லெவல் என்றொரு வரிசை இருக்கும். கேம்கள் கிராஃபிக்ஸ் சிப்போடு பேச விண்டோஸ் வைத்திருக்கும் டைரக்ட்எக்ஸ் என்ற மொழியில் உங்கள் சிப் எந்தப் படிவரை தேறியிருக்கிறது என்று அது சொல்லும். அதில் இருக்கும் மிகப் பெரிய எண்தான் உங்கள் தலைவிதி.

இன்டெல் ஜிஎம்ஏ 4500 என்றால் 10.0. கோர் 2 டுயோ காலத்து ஜி41 மதர்போர்டுகளில் இருப்பது இதன் தம்பிதான். 2011-இல் வந்த ஹெச்டி 3000 என்றால் 10.1. 2012-இல் வந்த ஹெச்டி 4000 என்றால் 11.0. அடுத்த ஆண்டு வந்த ஹெச்டி 4400-க்கு 11.1. ஹெச்டி 3000-க்கும் 4000-க்கும் பெயரில் ஒரே ஒரு எண்தான் வித்தியாசம். ஆனால் டைரக்ட்எக்ஸ் 11-இல் எழுதிய கேமைப் பொறுத்தவரை அந்த இரண்டுக்கும் நடுவில்தான் வேலி. தமிழ்நாட்டு அரசு 2011-இல் கொடுக்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினி இன்னும் பல வீட்டு அலமாரிகளில் கிடக்கிறது. தொடக்க ஆண்டுகளில் வாங்கியதாக இருந்தால் வேலிக்கு ஹெச்டி 3000 பக்கம் என்றே வைத்துக்கொண்டு படியுங்கள்.

அடுத்தது விண்டோஸ் பதிப்பு. 2024 ஜனவரி 1-லிருந்து, கேம்களை வாங்கி இறக்கும் ஸ்டீம் செயலி விண்டோஸ் 7, 8, 8.1 மூன்றையும் கைவிட்டுவிட்டது. விண்டோஸ் 7-ஐ விட மனமில்லாதவர்கள் ஸ்டீம் தேவைப்படாத கேமைத்தான் தேட வேண்டும். ராம் 2 ஜிபி மட்டுமே இருந்தால் விண்டோஸ் 10 அதில் பாதிக்கு மேல் தானே விழுங்கிவிடும். ஸ்டீம் வேறு தன் பங்குக்குச் சில நூறு எம்பி எடுக்கும். அப்படிப்பட்ட பெட்டியில் எந்த செட்டிங்ஸ் மாற்றினாலும் விக்கல் நிற்காது. முதலில் ராம்.

காசு செலவழிப்பதாக இருந்தால் இந்த வரிசையில்

முதல் செலவு ஏறக்குறைய இலவசம்: தூசு தட்டுவது. லேப்டாப்பின் அடி மூடியைக் கழற்றி, ஃபேனுக்கும் வெப்பத் தகட்டுக்கும் நடுவில் கம்பளிபோல் படிந்திருக்கும் தூசை எடுங்கள். ஃபேன் இறக்கையைக் குச்சியால் தடுத்துக்கொண்டு ஊதுங்கள். சும்மா சுழலவிட்டால் பேரிங் கெடும். ஐந்து வருடமாகத் திறக்காத பெட்டி என்றால் தெர்மல் பேஸ்டும் (ப்ராசஸரின் சூட்டை வெப்பத் தகட்டுக்குக் கடத்தும் பசை) காய்ந்து சுண்ணாம்பாகியிருக்கும். பழையதைத் துடைத்துவிட்டு ஒரு அரிசி மணி அளவு புதிதாக வையுங்கள். முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடிவிட்டு அப்புறம் ஃப்ரேம் பாதியாகும் கோளாறுக்குப் பெரும்பாலும் இதுதான் மருந்து. சூடேறியதும் ப்ராசஸர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கிறது, அவ்வளவுதான்.

இரண்டாவது ராம், அதிலும் ஜோடியாக. ப்ராசஸரோடோ மதர்போர்டோடோ ஒட்டிய கிராஃபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது. உங்கள் ராமைத்தான் அதுவும் பங்குபோட்டுக்கொள்கிறது. டிடிஆர்3-1600 ஒற்றைக் குச்சியில் நொடிக்கு 12.8 ஜிபி போய்வரும். ஒரே மாதிரி இரண்டு குச்சி போட்டால் 25.6. ஒரு 4 ஜிபி குச்சி இருக்கும் பெட்டியில் இன்னொரு 4 ஜிபி போடும்போது கொள்ளளவு கூடுவதைவிட இந்தப் பாதை அகலமாவதுதான் ஃப்ரேமில் தெரியும். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: நான்காம் தலைமுறை இன்டெல் லேப்டாப்கள் பலவற்றுக்கு 1.35 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல் வேண்டும். 1.5 வோல்ட் பழைய டிடிஆர்3 பொருந்தும், ஆனால் பெட்டி எழும்பாது.

எஸ்எஸ்டி போட்டால் டிராக் சீக்கிரம் லோடாகும், விண்டோஸ் சுறுசுறுப்பாகும். ஃப்ரேம் கூடாது.

டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களுக்குத் தனி கிராஃபிக்ஸ் கார்டு என்ற வழி திறந்திருக்கிறது. பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் (பெட்டிக்கு மின்சாரம் தரும் பகுதி) கார்டுக்கான 6 முனை ஒயர் பெரும்பாலும் இருக்காது. அதனால் மதர்போர்டு ஸ்லாட் தரும் 75 வாட்டுக்குள் அடங்கும் கார்டுதான் வேண்டும். செகண்ட் ஹேண்டில் ஜிடிஎக்ஸ் 750 டிஐ (60 வாட்) கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். சில மாடல்களில் மட்டும் தனி ஒயர் கேட்பார்கள், கார்டின் ஓரத்தைப் பார்த்து வாங்குங்கள். ஜிடி 1030 வாங்குவதில் ஒரு பொறி இருக்கிறது. அதே பெயரில் இரண்டு கார்டு விற்கிறார்கள். ஜிடிடிஆர்5 நினைவகம் உள்ளதில் நொடிக்கு 48 ஜிபி, டிடிஆர்4 உள்ளதில் 16.8 ஜிபி. அட்டைப்பெட்டியில் பொடி எழுத்தில்தான் இருக்கும். படித்துப் பார்க்காமல் காசை நீட்டாதீர்கள்.

எந்தப் பெட்டிக்கு எந்த கேம்

*கோர் 2 டுயோ, பென்டியம், ஜிஎம்ஏ வகை கிராஃபிக்ஸ், 2 ஜிபி ராம்.* இங்கே முதல் பெயர் லைவ் ஃபார் ஸ்பீட். மூன்றே பேர் சேர்ந்து எழுதியது, முதல் பதிப்பு 2002-இல் வந்தது. ஸ்டீம் வேண்டாம், டெமோ இலவசம், அந்த டெமோவிலேயே ஆன்லைன் போட்டியும் உண்டு. பிளாக்வுட் டிராக்கும் மூன்று காரும் தருகிறார்கள்: முன்சக்கர இழுவை உள்ள எக்ஸ்எஃப் ஜிடிஐ, பின்சக்கர இழுவை உள்ள எக்ஸ்ஆர் ஜிடி, பிஎம்டபிள்யூ ஃபார்முலா கார். ஓட்டக் கற்றுக்கொள்ள இந்த மூன்றே ஒரு வருடத்துக்குப் போதும். ஓடும்போது எஃப்9-ஐ அழுத்தினால் நான்கு டயரின் சூடும் உள், நடு, வெளி என்று பிரித்துத் தெரியும். பிரேக்கைப் பூட்டி இழுத்தால் டயரின் ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்து, அடுத்த சுற்று முழுக்க ஸ்டியரிங் அதிரும். மவுஸால் ஸ்டியரிங் பிடிக்க முறையாக இடம் கொடுத்த சிமுலேட்டரும் இதுதான். அதைப் பற்றிக் கீழே.

இதே பெட்டியில் ஓடும் இன்னொரு பழசு கிராண்ட் ப்ரீ லெஜண்ட்ஸ். பாபிரஸ் நிறுவனம் உருவாக்கியது, 1998-இல் வந்தது, 1967-ஆம் ஆண்டு ஃபார்முலா 1 பருவத்தைக் காட்டுவது. இறக்கை கிடையாது, டயர் மெலிசு, குதிரைத்திறன் நானூறு. முதல் நாள் ஒரு சுற்றைக்கூட முடிக்க முடியாது. மனம் தளர வேண்டாம், எல்லாருக்கும் அப்படித்தான். அதே நிறுவனத்தின் நாஸ்கார் ரேசிங் 2003 சீசனும் இங்கே ஓடும். இன்றைய ஐரேசிங் என்ற ஆன்லைன் சிமுலேட்டரின் வேர் அந்த நிரல்தான். இரண்டும் இப்போது கடையில் கிடைக்காது, பழைய டிஸ்க் தேட வேண்டும். லினக்ஸ் போட்டிருப்பவர்களுக்கு டார்க்ஸ், அதிலிருந்து கிளைத்த ஸ்பீட் ட்ரீம்ஸ் இரண்டும் இலவசம். கணக்கு சுமார்தான். வேறு வழியில்லாதபோது பார்த்துக்கொள்ளலாம்.

*இரண்டாம், மூன்றாம் தலைமுறை ஐ3, ஐ5. ஹெச்டி 3000 அல்லது 4000. 4 ஜிபி ராம்.* இதுதான் சொர்க்கம். ஜிடிஆர் 2 (2006), ஜிடி லெஜண்ட்ஸ் (2005), ரேஸ் 07 (2007), ஆர்ஃபாக்டர் (2005) நான்கும் ஒரே எஞ்சின் (கேமை ஓட்டும் அடிப்படை நிரல்) குடும்பம். ஒன்றில் கற்ற செட்டிங்ஸ் மற்றதிலும் செல்லும். ஒன்றே ஒன்றுதான் எடுக்க முடியும் என்றால் ஜிடிஆர் 2. 2003, 2004 எஃப்ஐஏ ஜிடி பருவங்களின் கார்கள், மழை, இரவு, ஸ்பா 24 மணி நேரப் பந்தயம், டிராக்கை வளைவு வளைவாகப் பிரித்துச் சொல்லித்தரும் ஓட்டுநர் பள்ளி எல்லாம் உள்ளே இருக்கின்றன. ஆர்ஃபாக்டர் வெறும் சட்டி மாதிரி. அடிப்படையில் வரும் கார், டிராக்குகளில் சுவை குறைவு. சிடிடிபி குழுவின் 2005, 2006 ஃபார்முலா 1 மோட், ஹிஸ்டர்எக்ஸ் என்ற பழங்கார் மோட் இவற்றைப் போட்ட பிறகுதான் சமையல். (மோட் என்றால் ரசிகர்கள் செய்து தரும் கூடுதல் தொகுப்பு.) ஆர்ஃபாக்டரில் மழை கிடையாது.

மண் பாதையில் ஆசை உள்ளவர்களுக்கு ரிச்சர்ட் பர்ன்ஸ் ரேலி. 2001 உலக ரேலி சாம்பியனின் பெயரில் 2004-இல் வந்தது. பழைய பெட்டிக்கு ரேலி ஏன் பொருத்தம் என்று யோசித்துப் பாருங்கள்: சாலையில் உங்கள் கார் மட்டும்தான். 20 எதிராளிகளின் டயருக்குக் கணக்குப் போட வேண்டியதில்லை, 20 காரை வரைய வேண்டியதில்லை, பின்பார்வைக் கண்ணாடிக்கும் பெரிய வேலை இல்லை. ரேலிசிம்ஃபேன்ஸ் என்ற ஹங்கேரியக் குழுவின் இன்ஸ்டாலர், என்ஜிபி என்ற புதுப்பித்த கார் நடத்தைக் கணக்கு, நூற்றுக்கணக்கான ஸ்டேஜ்கள் (ரேலிப் பாதைகள்), ஆன்லைன் போட்டி எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகத் தருகிறது. எல்லா ஸ்டேஜையும் போட்டால் பல பத்து ஜிபி ஆகும், டிஸ்க்கில் இடம் பார்த்துவிட்டு இறங்குங்கள். அசல் கேமோடு வந்த ஸ்டேஜ்கள்தான் லேசானவை. ரசிகர்கள் புதிதாகச் செய்த சில ஸ்டேஜ்களில் மரங்கள் அடர்ந்து நிற்கும், அங்கே ஃப்ரேம் சட்டென்று விழும். டைரக்ட்எக்ஸுக்கு மாற்றான வல்கன் வழியாக ஓட்டும் வசதியைத் தொடாதீர்கள். விண்டோஸில் இன்டெல் அதற்கு டிரைவர் கொடுத்தது ஆறாம் தலைமுறையிலிருந்துதான். ஹெச்டி 4000-இல் அதை இயக்கினால் கறுப்புத் திரைதான் மிச்சம்.

*நான்காம் தலைமுறைக்கு மேல், 8 ஜிபி ராம், அல்லது 750 டிஐ போன்ற சின்ன கார்டு.* இங்கே அசெட்டோ கோர்சா (2014) வந்துவிடும். இத்தாலியக் குனோஸ் நிறுவனம் குறைந்தபட்சத் தேவையாகப் போட்டிருப்பது 2.4 கிகாஹெர்ட்ஸ் கோர் 2 டுயோ, 2 ஜிபி ராம், டைரக்ட்எக்ஸ் 10.1 கார்டு, 15 ஜிபி இடம். அந்தப் பட்டியலைக் 'கேம் திறக்கும்' என்று படியுங்கள், 'ஓட்டலாம்' என்று படிக்காதீர்கள். ஹெச்டி 4000-இலும் தனியாகச் சுற்றலாம். கூட்டத்தோடு பந்தயம் என்றால் தனி கார்டு வேண்டும். இதே வகையில் பிரேசிலின் ரெய்சா வெளியிட்ட முதல் ஆட்டோமொபிலிஸ்டா (2016). இரண்டாம் பாகம் அல்ல, அது வேறு எஞ்சின், வேறு கனம். ரேஸ்ரூமின் அடிப்படைப் பதிப்பு இலவசம், டைரக்ட்எக்ஸ் 9-தான். ஆனால் டவுன்லோடு பெரிது, பிடித்த காரையும் டிராக்கையும் தனித்தனியாக வாங்க வேண்டும்.

தொடவே கூடாதவை: அசெட்டோ கோர்சா காம்பெடிசியோனே, ஆட்டோமொபிலிஸ்டா 2, பீம்என்ஜி. கடைசியது உடல் முழுக்க வளைந்து நசுங்கும் காரைக் கணக்கிடுகிறது. ஒவ்வொரு காரும் ப்ராசஸரில் ஒரு பெரிய துண்டைக் கேட்கும். இரண்டு கோர் பெட்டியில் அது நடக்காத காரியம்.

இன்ஸ்டால் செய்யும்போது

பழைய கேமை ப்ரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் போடாதீர்கள். 2005 காலத்து கேம்கள் தங்கள் செட்டிங்ஸைத் தங்கள் ஃபோல்டருக்குள்ளேயே எழுதிவைக்கும். விண்டோஸ் அந்த இடத்தில் எழுத விடாது, சத்தமில்லாமல் வேறொரு மறைவான இடத்துக்குத் திருப்பிவிடும். விளைவு: செட்டிங்ஸ் மாற்றுவீர்கள், மறுநாள் பழையபடி நிற்கும், மோட் போடுவீர்கள், கேமுக்குத் தெரியாது. சி டிரைவின் மேல்மட்டத்தில் 'கேம்ஸ்' என்று ஒரு ஃபோல்டர் போட்டு அதற்குள் வையுங்கள். ஸ்டீமையும் அங்கே ஒரு லைப்ரரி வைத்துக்கொள்ளச் சொல்லலாம்.

'டி3டிஎக்ஸ்9' என்று தொடங்கும் ஏதோ ஒரு டிஎல்எல் இல்லை என்று புலம்பினால் அந்த ஒற்றை ஃபைலை இணையத்தில் தேடி இறக்காதீர்கள், வைரஸ் வாங்கும் சுலபமான வழி அது. மைக்ரோசாஃப்டின் 2010 ஜூன் டைரக்ட்எக்ஸ் ரன்டைமைப் போடுங்கள். விண்டோஸ் 10-இல் இருக்கும் டைரக்ட்எக்ஸ் 12-க்குள் இந்தப் பழைய துண்டுகள் வராது, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டியவை.

ஜிடிஆர் 2, ஜிடி லெஜண்ட்ஸ் இவற்றின் பழைய டிஸ்க் கையில் இருந்தால் ஒரு கெட்ட செய்தி. அவற்றில் ஸ்டார்ஃபோர்ஸ் என்ற நகல் தடுப்புப் பாதுகாப்பு இருக்கிறது. அதன் பழைய டிரைவர் 64 பிட் விண்டோஸ் 10-இல் ஏறாது. டிஜிட்டல் பதிப்பு வாங்குவதுதான் வழி. தள்ளுபடிக் காலத்தில் இந்தக் குடும்பம் முழுவதும் ஒரு பிரியாணி விலைக்கு வந்துவிடும்.

செட்டிங்ஸ்: மோசமான இடத்தில் நின்று சரிசெய்யுங்கள்

தனியாக ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து "60 வருது" என்று செட்டிங்ஸை உறுதிசெய்வதுதான் பெரிய ஏமாற்று. இப்படிச் செய்யுங்கள். ஜிடிஆர் 2-இல் ஸ்பா டிராக், 15 எதிராளிகள், கடைசி இடத்திலிருந்து தொடக்கம். பச்சை விளக்கு எரிந்ததும் பதினைந்து காரும் லா சூர்ஸ் என்ற கொண்டை ஊசி வளைவுக்குள் ஒன்றன் மேல் ஒன்றாக நெருக்கும். அத்தனையும் உங்கள் கண்ணாடிக்கு முன்னால். அந்த வளைவில் வரும் ஃப்ரேம்தான் உங்கள் உண்மையான எண். ஸ்டீமின் ஃப்ரேம் கவுன்ட்டரை மூலையில் போட்டுக்கொள்ளுங்கள். ஆர்ஃபாக்டரில் கன்ட்ரோலையும் எஃப்-ஐயும் சேர்த்து அழுத்தினாலே தெரியும். 35-க்குக் கீழே போனால் கீழே உள்ள வரிசையில் ஒவ்வொன்றாகக் குறையுங்கள். ஒன்றைக் குறைத்ததும் மறுபடி அதே தொடக்கம், அதே வளைவு.

முதல் வெட்டு பின்பார்வைக் கண்ணாடி. கண்ணாடிக்குள் தெரிவதும் ஒரு முழுக் காட்சிதான். பின்னால் இருப்பதை எல்லாம் இன்னொரு முறை வரைய வேண்டும். அணைத்துவிட்டு, பின்னால் பார்க்க ஒரு பொத்தானை வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து நிழல். முழுவதும் அணைக்காதீர்கள். காருக்கு அடியில் நிழல் இல்லாவிட்டால் சக்கரம் தரையில் நிற்பதுபோலவே தெரியாது, தூரம் கணிக்கச் சிரமம். மிகக் குறைந்த படியில் விடுங்கள்.

மூன்றாவது எதிராளிகள். இந்த எஞ்சினில் 'விசிபிள் வெஹிக்கிள்ஸ்' என்று ஒன்று உண்டு. பந்தயத்தில் 15 கார் ஓடினாலும் பக்கத்தில் இருக்கும் 8-ஐ மட்டும் வரையச் சொல்லலாம். படச்சுமை குறையும். ஆனால் கணக்குச் சுமை குறையாது, கண்ணுக்குத் தெரியாத காருக்கும் டயர் தேய்ந்துகொண்டுதான் இருக்கும். ப்ராசஸர்தான் முட்டுகிறது என்றால் எண்ணிக்கையையே 9, 10 ஆக்குங்கள். எது முட்டுகிறது என்று கண்டுபிடிக்க எளிய வழி: ரெசல்யூஷனை ஒரு படி இறக்கிப் பாருங்கள். ஃப்ரேம் ஏறினால் கிராஃபிக்ஸ் முட்டுகிறது, அசையவில்லை என்றால் ப்ராசஸர்.

ரெசல்யூஷனைக் கடைசியாகத்தான் தொட வேண்டும் என்பது எங்கள் கட்சி. தூரத்து வளைவும் பிரேக் பலகையும் மங்கினால் ஓட்டுவதே கெடும். 1366×768 திரையில் சுமார் 10.5 லட்சம் புள்ளிகள். 1920×1080-இல் 20.7 லட்சம். முழு ஹெச்டி மானிட்டரில் பழைய இன்டெல் கிராஃபிக்ஸை மாட்டியிருப்பவர்கள் மட்டும் தயங்காமல் 1280×720-க்கு (9.2 லட்சம்) இறங்கலாம், ஒரே தட்டில் பாதிச் சுமை போய்விடும். ஓரங்களின் பிசிறை மழுப்பும் ஆன்டி அலையாசிங்கை அணைத்துவிடுங்கள். அனிசோட்ராபிக் ஃபில்டரை 4-இல் விடுங்கள், அதற்குச் செலவு குறைவு, தூரத்துச் சாலைக் கோடு தெளியும்.

ஜிஎம்ஏ வகை கிராஃபிக்ஸில் இந்த எஞ்சின் கேம்களைத் திறந்தே ஆக வேண்டும் என்றால், கேமோடு வரும் கான்ஃபிக் நிரலில் டைரக்ட்எக்ஸ் 9-க்குப் பதில் 8 அல்லது 7 என்று தேர்ந்தெடுக்கலாம். காரின் பளபளப்பு போகும், டயரின் பிடி அப்படியே இருக்கும்.

ஃப்ரேமைத் திரை புதுப்பிக்கும் வேகத்தோடு பிணைக்கும் வி-சிங்க்கை அணையுங்கள். 60-ஐ எட்டாத பெட்டியில் அது ஃப்ரேமை 30-க்குத் தள்ளிவிடும், ஸ்டியரிங் திருப்பியதற்கும் கார் திரும்புவதற்கும் நடுவே ஒரு மந்தமும் சேரும். அதற்குப் பதில் ஃப்ரேமுக்கு உச்சவரம்பு வையுங்கள். மோசமான இடத்தில் 42 வருகிறது என்றால் 40-இல் கட்டுங்கள். பெட்டியும் சூடாகாது.

அசெட்டோ கோர்சாவுக்குத் தனியாகச் சில வார்த்தை. அதன் சொந்த லாஞ்சரை விட்டுவிட்டு இலவசமான கன்டென்ட் மேனேஜரைப் போடுங்கள், திறப்பதே பாதி நேரத்தில் முடியும். முதல் வேலையாகப் போஸ்ட் ப்ராசஸிங்கை (வரைந்த படத்தின் மேல் பூசும் மெருகு) அணையுங்கள், ஒட்டிய கிராஃபிக்ஸில் இதைப்போல் ஃப்ரேம் கொடுக்கும் வேறு பொத்தான் இல்லை. ரிஃப்ளெக்ஷனை 'ஸ்டாட்டிக்' ஆக்குங்கள், இல்லாவிட்டால் கார் மேல் விழும் பிம்பத்துக்காகச் சுற்றுப்புறத்தை ஓயாமல் வரைந்துகொண்டிருக்கும். வேர்ல்ட் டீட்டெய்ல் குறைந்த படி, கண்ணாடி அணைப்பு, புகை குறைவு. கஸ்டம் ஷேடர்ஸ் பேட்ச் என்ற மோட் போட்டால் அதன் புல், மழை, வெளிச்ச வித்தைகளை எல்லாம் அணைத்தே வையுங்கள். டிராக்கில் 2.5 கி.மீ. மஜியோனேயும் அபார்த் 500-உம் நல்ல தொடக்கம். 20.8 கி.மீ. நார்ட்ஷ்லைஃபேயைப் பிறகு பார்க்கலாம்.

ஓடும்போது 'சிபியு ஆக்குபன்சி 99%' என்று எழுத்து வந்தால் படத்தைக் குறைத்துப் பயனில்லை. நொடிக்கு 333 முறை நடக்கும் கார் நடத்தைக் கணக்குக்கு ப்ராசஸரில் நேரம் போதவில்லை என்று பொருள். எதிராளியைக் குறையுங்கள், பின்னணியில் ஓடும் பிரௌசரை மூடுங்கள், பவர் செட்டிங்கை 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' ஆக்குங்கள். லேப்டாப் என்றால் சார்ஜர் மாட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பேட்டரியில் ஓடும் லேப்டாப் பாதி வேகத்தில்தான் இருக்கும். இந்த 'ஆக்குபன்சி' வியாதிக்கு வயது அதிகம். 1996-இல் வந்த கிராண்ட் ப்ரீ 2-இல் அந்த எண் 100-ஐத் தாண்டினால் படம் திணறாது. பந்தயமே மெதுவாக நகர ஆரம்பித்துவிடும்!

பார்வைக் கோணம்

இதற்குச் செலவே இல்லை, ஓட்டுவது மட்டும் மாறிவிடும். 15.6 அங்குல லேப்டாப் திரையின் உயரம் சுமார் 19 செ.மீ. 60 செ.மீ. தள்ளி உட்கார்ந்தால் அந்தத் திரை உங்கள் கண்ணில் நிரப்பும் செங்குத்துக் கோணம் 18 டிகிரிதான். அந்த எண்ணையே கேமில் போட்டால் குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் இருக்கும். கேம்களின் 60-க்கு மேற்பட்ட கோணமோ வளைவை எல்லாம் தூரமாகக் காட்டி ஏமாற்றும், பிரேக்கைத் தாமதமாகப் போட வைக்கும். 40–45-இல் நிறுத்துங்கள். திரையை எவ்வளவு கிட்டே இழுக்க முடியுமோ அவ்வளவு நல்லது. கோணம் குறையும்போது வரைய வேண்டிய பொருளும் குறைகிறது, ஓரிரு ஃப்ரேம் கூடவே வரும்.

கையில் என்ன பிடிப்பது

கீபோர்டு வேண்டாம். அதற்குத் தெரிந்தது 'முழுக்க' அல்லது 'இல்லை' மட்டும்தான், சிமுலேட்டரில் பாதி பிரேக்தான் வித்தை. லைவ் ஃபார் ஸ்பீடில் மவுஸை இடம் வலம் நகர்த்தி ஸ்டியரிங், இரண்டு பொத்தானில் ஆக்ஸிலேட்டரும் பிரேக்கும். ஒரு வாரம் பழகினால் கேம்பேடைவிட நுணுக்கமாகத் திருப்பலாம். கேம்பேட் எடுத்தால் எக்ஸ்பாக்ஸ் 360 வகை, எல்லாக் கேமும் அதை அடையாளம் காணும்.

செகண்ட் ஹேண்ட் ஸ்டியரிங் வீல் கிடைத்தால் லாஜிடெக் ஜி25, ஜி27, டிரைவிங் ஃபோர்ஸ் ஜிடி மூன்றில் எதுவும் சரி. புது ஜி ஹப் மென்பொருளுக்குப் பதில் பழைய லாஜிடெக் கேமிங் சாஃப்ட்வேர் போடுங்கள், ஜி25-க்கு அதுவே வழி. 900 டிகிரி வைத்து, கேமுக்குள் 'ஸ்பீட் சென்சிடிவிட்டி'யைப் பூஜ்யமாக்குங்கள். அது கீபோர்டுக்காரர்களுக்கான ஊன்றுகோல்.

ஆர்ஃபாக்டர் குடும்பத்தில் வீல் மாட்டியதும் பலர் பயந்துபோகும் கோளாறு ஒன்று: நேர் சாலையில் கையை விட்டால் ஸ்டியரிங் நடுவுக்கு வராமல் ஏதோ ஒரு ஓரத்துக்கு ஓடி முட்டிக்கொள்ளும். வீல் கெடவில்லை. விசையின் திசை தலைகீழாக இருக்கிறது. ஃபோர்ஸ் ஃபீட்பேக் (வீல் கையில் தரும் விசை) அளவு 100 என்று இருந்தால் −100 ஆக்குங்கள், −100 என்றால் 100. கார் நிற்கும்போது மாற்றுங்கள். ஓடும்போது மாற்றினால் வீல் திடீரென்று எதிர்ப்பக்கம் சுழன்று கட்டை விரலைப் பதம் பார்க்கும்.

மோட் போட்ட பிறகு வரும் தொல்லை

டிராக் லோடாகி முடியும் நேரத்தில் கேம் சத்தமில்லாமல் மூடிக்கொண்டால் பெரும்பாலும் நினைவகம்தான். ஆர்ஃபாக்டர் குடும்பத்துக் கேம்கள் எல்லாம் 32 பிட். கணினியில் 8 ஜிபி இருந்தாலும் தாமாக 2 ஜிபிக்கு மேல் தொடாது. 64 பிட் விண்டோஸ் என்றால் '4ஜிபி பேட்ச்' என்ற சின்னக் கருவியால் கேமின் இஎக்ஸ்இ ஃபைலைத் திருத்தி அந்த எல்லையை இரட்டிப்பாக்கலாம். அசல் ஃபைலுக்கு நகல் எடுத்து வைத்துவிட்டுச் செய்யுங்கள். பெட்டியிலேயே 2 ஜிபி ராம்தான் என்றால் இந்தப் பேட்சால் ஒன்றும் ஆகாது.

ஆன்லைனில் நுழையும்போது 'மிஸ்மேட்ச்' என்று வெளியே தள்ளினால், சர்வரில் இருக்கும் மோட் பதிப்பும் உங்களிடம் இருப்பதும் ஒன்றல்ல. ஒரே மோடை இரண்டு இடத்திலிருந்து இறக்கி ஒன்றின் மேல் ஒன்று போட்டவர்களுக்கு இது அடிக்கடி வரும். சுத்தமான கேம் ஃபோல்டரை முதல் நாளே வேறு பெயரில் நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஜிடிஆர் 2, ஆர்ஃபாக்டர் ஃபோல்டர்கள் சில ஜிபிதான். மோட் குழம்பினால் ஒவ்வொரு ஃபைலாகத் துழாவாமல், கெட்டதை அழித்துவிட்டு நகலிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.